கணினி கேள்வி-பதில்: ஆடி வரட்டும், அப்புறம் மாற்றலாம்

கேள்வி: அண்ணே, மேலூரில் டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைக்கும்) கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ்தான் பிழைப்பு. விண்டோஸ் 10, ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பழைய தமிழ் ஃபாண்டுகள். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, 11 போட்டுத் தருகிறேன் என்கிறார் சர்வீஸ் செய்யும் தம்பி. வைகாசி முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது. போடலாமா?
- வாசகி, மேலூர்

பதில்: இப்போது வேண்டாம், தங்கச்சி. முகூர்த்த வேலை கையில் இருக்கும்போது நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. வைகாசி, ஆனி முடியட்டும். ஆடியில் கல்யாணப் பத்திரிகை வராது. அழகர்கோயில் ஆடித் தேரோட்டத்தை ஒட்டி வரும் நோட்டீஸ் வேலையை எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். உங்கள் தொழிலுக்கு அதுதான் தோதான மாதம்.

அதுவரை பாதுகாப்புக்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது உண்மைதான். ஆனால் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதோடு சின்க் செய்தால் காசு கிடையாது. அலுவலக நெட்வொர்க்கில் சேர்த்த கம்ப்யூட்டர்களுக்குத் தனித் திட்டம், அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

அந்தத் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: "எப்படிப் போடுவாய்?" விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் ப்ராசசர்களின் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. உங்கள் ஐ5 அதில் இல்லை. தகுதிச் சோதனையைத் தாண்டிப் போடும் குறுக்குவழிகள் இருக்கின்றன, போட்டால் ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. அப்டேட்டுக்காகத்தானே மாற்றுகிறோம்? பிறகு எதற்கு அந்த வேலை?

எனக்குப் பெரிய கவலை உங்கள் பேஜ்மேக்கர் ஃபைல்கள்தான். மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஓர் அச்சகத்தில் ராவோடு ராவாக விண்டோஸை மாற்றினார்கள். மறுநாள் பழைய ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்கள். பிரிண்டர் டிரைவர் மாறியதில் வரிகள் வேறு இடத்தில் மடிந்து, கடைசி வரி பெட்டிக்குள் நிற்காமல் மறைந்துவிட்டது. அந்தக் கடைசி வரியில் இருந்தது தாய்மாமன் பெயர். நம்ம ஊரில் தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? அத்தனையும் திரும்ப அச்சடித்தார்கள். அந்தக் குடும்பம் பட்ட மனவருத்தத்தை நேரில் பார்த்தவன் என்பதால் இவ்வளவு சொல்கிறேன்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை அதற்குத் தெரியாது. உங்கள் ஃபைலில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ். அதே ஃபாண்டு இல்லையென்றால் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எனவே இன்றே ஃபாண்டுகளை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. சில வருடங்களாக, டபுள் கிளிக் செய்து போடும் ஃபாண்டு உங்கள் யூசர் கணக்குக்குள் வேறு இடத்தில் போய் உட்காரும். பழைய மென்பொருள்களுக்குச் சிலசமயம் அது கண்ணில் படாது. புதிதாகப் போடும்போது ரைட் கிளிக் செய்து, எல்லா யூசர்களுக்கும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டு மென்பொருளுக்கு டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் உரிமப் பூட்டு) இருந்தால், அதன் டிரைவர் 64 பிட்டில் ஓடுமா என்று விற்றவரிடம் கேளுங்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

ஆடியில் என்ன செய்யலாம்? என் கருத்து: எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் ஒன்றை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, விண்டோஸ் 11-உடன் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ, இமெயில், ஜிபே கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். இப்போதுள்ளதை நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே போய்வரும் பென் டிரைவை ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் செய்வது கட்டாயம். பழையதில் ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். வேகத்துக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம், வீட்டு உபயோகத்துக்கு அருமை. ஆனால் பேஜ்மேக்கரை நம்பிய கடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் மகளின் லேப்டாப் எட்டாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை, டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று காட்டுகிறது. புதிது வாங்க வேண்டுமா சார்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: வாங்க வேண்டாம். டிபிஎம் அந்த ப்ராசசரிலேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) அணைத்து வைத்திருப்பார்கள். பயாஸுக்குள் போய் இன்டெல் பிடிடி என்பதை ஆன் செய்யுங்கள். செக்யூர் பூட் என்ற இன்னொரு பாதுகாப்பு அமைப்பும் அங்கே ஆனில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மறுபடி சோதியுங்கள். மாற்றுமுன் மகளின் ப்ராஜெக்ட், போட்டோக்களை வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-ஐ அழித்துப் புதிதாகப் போட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகப் பூட்டப்படலாம். அதைத் திறக்கும் ரெகவரி கீ அந்தக் கணக்கில் இருக்கும். 48 இலக்கம். ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.