வாசகர் கேள்வி பதில்: தண்ணீர் தூக்காமல் கிளம்பிய படை

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதிய சிலுவைப் போர் பற்றி மூன்று கடிதங்கள் வந்துள்ளன. மூன்றுக்கும் சேர்த்தே இந்த வாரம் பதில்.

கேள்வி: ஹத்தீன் போரில் சலாஹுத்தீன் அய்யூபி ஒரே நாளில் சிலுவைப் படையை முறியடித்தார் என்று படித்தேன். இரும்புக் கவசம் போட்ட அவ்வளவு பெரிய படை எப்படிச் சரிந்தது?
- படிவம் ஆறு மாணவி

பதில்: படை சரிந்தது 1187 ஜூலை 4. ஆனால் முதல் நாள் காலையில் கிளம்பும்போதே பாதி தோற்றுவிட்டார்கள்.

ஜெருசலேம் மன்னர் கீ ஏறக்குறைய 20,000 பேரை சஃபூரியாவில் திரட்டியிருந்தார். அவர்களில் நைட்டுகள், அதாவது கவசம் போட்ட குதிரை வீரர்கள், சுமார் 1,200 பேர். சஃபூரியாவில் வற்றாத ஊற்று உண்டு. அங்கே போய் மோதினால் தனக்குத்தான் நஷ்டம் என்று எகிப்து, சிரியா சுல்தான் சலாஹுத்தீனுக்குத் தெரியும். அதனால் ஜூலை 2ஆம் தேதி திபேரியா நகரைத் தாக்கித் தூண்டில் போட்டார். கோட்டைக்குள் சிக்கியது திரிப்போலிப் பிரபு ரேமண்டின் மனைவி. அந்த ரேமண்டே, "கோட்டை போனால் போகட்டும், நாம் நகரக் கூடாது" என்று வாதாடினார். மன்னரும் ஒப்புக்கொண்டார். இரவில் டெம்ப்ளர் என்ற துறவி வீரர் அமைப்பின் தலைவர் ஜெரார்டு தனியாகப் போய் மன்னரின் மனத்தைக் கலைத்தார். விடிந்ததும் புறப்பாடு.

சஃபூரியாவிலிருந்து திபேரியாவுக்கு சுமார் 25 கிலோமீட்டர், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகிற அளவு. ஜூலை வெயிலில் நடக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டும். 20,000 பேருக்கு அதுவே 1 லட்சம் லிட்டர். குதிரைக்கு 30 லிட்டருக்கு மேல், அது தனிக் கணக்கு. தோல்பையில் கொண்டுபோகிற தண்ணீர் எந்த மூலைக்கு? வழியில் துரான் என்ற ஊரில் ஓர் ஊற்று இருந்தது. அங்கே தங்காமல் தாண்டிப் போனார்கள். தாண்டியதும் சலாஹுத்தீனின் இரு பக்கப் படைகளும் பின்னால் சுற்றி வளைத்து, திரும்பும் வழியை அடைத்துவிட்டன. எங்கள் பார்வையில் அந்தப் போரில் நடந்த ஆகப் பெரிய பிழை இதுதான்.

அன்றிரவு மேட்டு நிலத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். எதிர்ப்பக்கமோ திபேரியா ஏரியிலிருந்து ஒட்டகத்தில் தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருந்தது. அம்புகளும் ஒட்டகச் சுமையாக வந்து இறங்கின. காய்ந்த புல்லுக்குத் தீ வைத்ததில், ஏற்கெனவே வறண்ட தொண்டையில் புகையும் ஏறியது. மறுநாள் காலாட்படை வரிசையை விட்டு ஹத்தீன் குன்றின் மேல் ஓடி ஏறியது. மன்னர் கூப்பிட்டும் இறங்கவில்லை. காலாள் விலகினால் குதிரைகளுக்கு மறைப்பு கிடையாது. அம்பு முதலில் குதிரையைத்தான் சாய்க்கும். குதிரை போன நைட் கனத்த காலாள், அவ்வளவுதான்.

பிடிபட்ட மன்னருக்கு சலாஹுத்தீன் குளிர்ந்த பானம் கொடுத்தார். கீ குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தன்னோடு பிடிபட்ட ரெனால்டு பிரபுவிடம் நீட்டினார். உடன்படிக்கைக் காலத்தில் வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தவர் இந்த ரெனால்டு. கைதிக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிருக்குப் பாதுகாப்பு கொடுத்ததாகும், அது அந்த நாட்டு வழக்கம். "இவனுக்கு நான் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு சலாஹுத்தீன் ரெனால்டை வெட்டினார்.

கேள்வி: கவசத்தின் எடை எவ்வளவு?
- தோட்டப்புற வாசகர்

பதில்: இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை, நீளத்தைப் பொறுத்து 10 முதல் 15 கிலோ. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு பின்னி இருக்கும். வாள் வெட்டைத் தாங்கும், அடியின் அதிர்ச்சியைத் தாங்காது. அதனால் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி போடுவார்கள். வெயிலில் ஆளை வேகவைத்தது பெரும்பாலும் அந்த அங்கிதான்.

கேள்வி: அதே வெயிலில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு மட்டும் எப்படி வென்றார்? ஜெருசலேமை ஏன் பிடிக்கவில்லை?
- ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: ஐயா, விடியுமுன் பெரட்டு எடுத்து ஆளை வேலைக்கு அனுப்பியவர் நீங்கள். ரிச்சர்டின் கணக்கு உங்களுக்கு உடனே பிடிபடும். ஹத்தீனுக்குப் பிறகு ஜெருசலேம் சலாஹுத்தீன் கைக்குப் போனது, அதை மீட்க வந்தவர் ரிச்சர்டு. 1191 ஆகஸ்டில் ஆக்கரிலிருந்து யாஃபாவுக்குக் கடலோரமாகவே நடந்தார். காலைக் குளிர்ச்சியில் மட்டும் நடை, வெயில் ஏறினால் கூடாரம், இடையிடையே முழுநாள் ஓய்வு. வலப்பக்கம் கடல். அதில் உணவோடு கப்பல்கள் கூடவே வந்தன. இடப்பக்கம் காலாட்கள், அவர்களுக்கு உள்ளே குதிரைகள். காலாட்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி அம்பைத் தாங்கி நடக்க, மறுபாதி கடற்கரைப் பக்கம் இளைப்பாறி நடக்கும். பிறகு முறை மாறும். முதுகில் பத்து அம்பு வரை குத்தி நின்றும் வரிசை கலையாமல் நடந்தார்கள் என்று சலாஹுத்தீனுடன் இருந்த பஹாவுத்தீனே எழுதியிருக்கிறார். செப்டம்பர் 7ஆம் தேதி அர்சூஃபில், பின்வரிசையிலிருந்த ஹாஸ்பிட்டலர்கள் (டெம்ப்ளர் போன்ற இன்னொரு துறவி வீரர் அமைப்பு) பொறுமை இழந்து உத்தரவுக்கு முன்பே பாய்ந்தார்கள். ரிச்சர்டு தயங்காமல் முழுக் குதிரைப்படையையும் அவிழ்த்துவிட்டதால் அது வெற்றியானது.

அதே ரிச்சர்டுதான் ஆக்கரை விட்டுக் கிளம்பும் முன் சுமார் 2,700 கைதிகளைக் கொல்லச் சொன்னார். திறமையைப் பேசும்போது அந்தக் கொடுமையை விட்டுவிடக் கூடாது.

ஜெருசலேம் கடலோரத்தில் இல்லை. 1192இல் இரண்டு முறை பெய்த் நூபா வரை போனார், நகரம் இன்னும் 20 கிலோமீட்டர்தான். ஆனால் கப்பல் அங்கே வராது, கடற்கரையிலிருந்து வரும் சுமைவண்டிகளை வழியில் வெட்டிவிடலாம். கோடையில் நகரைச் சுற்றியிருந்த கிணறுகளையும் தொட்டிகளையும் சலாஹுத்தீன் பாழாக்கி வைத்திருந்தார். நகரைப் பிடித்தாலும், படை ஊர் திரும்பியபின் காக்க ஆள் இருக்காது. இரண்டு முறையும் திரும்பினார். செப்டம்பர் 2ஆம் தேதி 3 ஆண்டு 8 மாதத்துக்கு உடன்படிக்கை கையெழுத்தானது. கடற்கரை கிறிஸ்தவர்களிடம், ஜெருசலேம் சலாஹுத்தீனிடம். ஆயுதமில்லாமல் வரும் யாத்திரிகர்களுக்கு வழி திறந்தது.