கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் கொண்டோவில் நண்பரைப் பார்க்கப் போனபோது என் காரை இழுத்துச் சென்றுவிட்டார்கள். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

முடியும், ஆனால் "முன்கூட்டியே சொல்லவில்லை" என்ற வாதம் எடுபடாது. தவறாக நிறுத்திய வண்டியை முன்னறிவிப்பின்றிச் சக்கரத்தில் பூட்டுப் போடவோ இழுக்கவோ, மலேசிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2015 ஸ்ட்ராட்டா விதிகள் நிர்வாகத்துக்கு இடம் தருகின்றன. அதே விதிகள்தான் உங்களுக்கும் துணை: பூட்டுக் கட்டணம் 200 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டக் கூடாது; இழுத்த செலவும் வைத்திருந்த செலவும் உண்மையில் ஆனவையாக இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தொகைக்கும் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி விரட்டினால் விடாதீர்கள்.

காரை முதலில் மீட்டுவிடுவதே நல்லது. ரசீதில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்புமுன் பம்பர், சக்கரம் எல்லாவற்றையும் படமெடுங்கள்.

நீங்கள் முறையாக நிறுத்தியிருந்தால் அதுவே உங்கள் பலம். அப்படியென்றால் பாதுகாவலரின் வருகையாளர் புத்தகத்தில் உங்கள் வண்டி எண் இருக்கும். அந்தப் பக்கத்தையும், வண்டி நிறுத்திய பெட்டியின் எண்ணையும், அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது என்பதையும் படமாக்குங்கள். அப்புறம் நண்பர் மூலமாகவே நிர்வாகத்துக்கு எழுதுங்கள். குடியிருப்பவரின் கடிதத்தைச் சும்மா ஒதுக்க மாட்டார்கள்.

கொண்டோ இல்லாமல், கட்டணம் வாங்கும் வணிக நிறுத்துமிடம் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.