புல்டோசர், டம்பர் ஓட்டுபவர்களுக்கு முதுகுவலி ஏன் அதிகம் வருகிறது?

முக்கியக் காரணம் முழு உடல் அதிர்வு, அதாவது மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும் ஆட்டம் இருக்கை வழியாக ஏறி முதுகுத்தண்டு முழுக்கப் பரவுவது. சரி, எந்த வண்டியில்தான் குலுங்கவில்லை? இங்கே சிக்கலே ஆட்டத்தின் தாளம்தான்: உட்கார்ந்திருக்கும் உடம்பு இயல்பாகவே நொடிக்குச் சுமார் 4 முதல் 6 முறை அதிரக்கூடியது, கனரக வண்டியின் குலுக்கலும் அடிக்கடி அதை ஒட்டியே வருவதால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினாலே உயரப் போகுமே, அதுபோலச் சின்ன அதிர்வும் உடம்புக்குள் பெரிதாகிவிடுகிறது. அப்புறம், பின்னால் பார்க்க உடம்பைத் திருகியபடியே ஓட்டினால் இன்னும் மோசம்.

தடித்த மெத்தை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மெத்தென்ற பஞ்சு சில சமயம் ஆட்டத்தைக் கூட்டிவிடும். ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங் இருக்கையைச் சரிசெய்வதும், பாதையைச் சமப்படுத்தி மெதுவாக ஓட்டுவதும்தான் உதவும்.