சைக்கிள் அக்கா பதில்கள்: பாரிஸுக்குப் பால் கொடுத்த மலை

*அக்கா, நாங்கள் நண்பர்கள் நான்கு பேர், பாரிஸ் பக்கம் இருக்கிறோம். மவுண்டன் பைக்கில் நாலு நாள் காட்டுப் பாதையில் போக வேண்டும், வழியில் பழைய கோவில், கோட்டை எல்லாம் பார்க்கவும் வேண்டும். யாரைக் கேட்டாலும் லுவார் ஆற்றங்கரை என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?*
— வாசகர், செர்ஜி

லுவார் அழகுதான், தம்பி. ஆனால் அங்கே பெரும்பாலும் ஆற்றோரத்துச் சமதளம். உங்கள் தடித்த டயருக்கு அங்கே வேலை இல்லை. பூர்கோன் பகுதியில் இருக்கும் மொர்வான் என்ற மலைக்காட்டுக்குப் போங்கள். பாரிஸிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். உயரமான மலை கிடையாது. மிக உயர்ந்த ஓ ஃபோலான் முகடே 901 மீட்டர்தான். ஆனால் ஒரு மேடு ஏறி முடிப்பதற்குள் அடுத்த மேடு தெரியும். நாள் முழுக்க அப்படித்தான்.

செர்மிசெல் நிலையத்தில் இறங்கினால் பத்து கிலோமீட்டரில் வெஸலே. குன்றின் உச்சியில் மரி மதலேன் பேராலயம். 1146-ஆம் ஆண்டு ஈஸ்டர் அன்று இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டி புனித பெர்னார் என்ற துறவி பேசிய ஊர் இது. உள்ளே போய் உட்காருங்கள். ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், ஜன்னல் வழியே விழும் வெளிச்சம் தரையின் நடுக்கோட்டில் வட்ட வட்டமாக வரிசை கட்டி நிற்கும். கட்டியவர்கள் கணக்குப் போட்டு வைத்தது அது என்கிறார்கள். முதல் இரவு அங்கேயே தங்குங்கள். பகல் கூட்டம் போன பிறகுதான் அந்த ஊர் உங்களுடையது.

மறுநாள் தெற்கே பஸோஷ். பதினான்காம் லூயிக்குக் கோட்டைகள் கட்டிய வோபான் 1675-இல் வாங்கிய மாளிகை அங்கே இருக்கிறது. அவர் அடக்கமானதும் அந்த ஊர் தேவாலயத்தில்தான். இதயத்தை மட்டும் பிறகு பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கிழக்கே கேரே-லே-தோம்ப் என்ற ஊர். அங்கே தேவாலயத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கல் சவப்பெட்டிகளும் மூடிகளும் கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. ஏன் இத்தனை பெட்டிகள் ஒரே இடத்தில் சேர்ந்தன என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை.

இந்த இரண்டாம் நாளில் டயருக்குக் கீழே ஒன்றைக் கவனியுங்கள். வெஸலே பக்கம் மண் வெள்ளை, சுண்ணாம்புக்கல் தூள். கால்சட்டையெல்லாம் மாவு பூசியது போல் ஆகிவிடும். கேரே நெருங்கும்போது கிரானைட் வந்துவிடும். பாதை சொரசொரப்பான மணலாக மாறி, வெயிலில் அபிரகத் துணுக்குகள் மின்னும். இரண்டு பக்கமும் பெரணிச் செடி. வீட்டுச் சுவர்கூட மஞ்சளிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். காரில் போனால் இது கண்ணில் படாது.

மூன்றாம் நாள் செத்தோன் ஏரி வழியாக மோன் பெவ்ரே. 821 மீட்டர் உயரம். மேலே பிப்ராக்த். ரோமானியர் வருவதற்கு முன் இங்கே வாழ்ந்த கோல் மக்களில் எதுவி என்ற பிரிவினரின் தலைநகரம். கி.மு. 52-இல், ரோமானியரை எதிர்த்த வெர்சாஞ்செத்தோரிக்ஸ் கோல் மக்களின் கூட்டுப் படைத் தலைவராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். அவரைத் தோற்கடித்த சீசர் அந்தக் குளிர்காலத்தைக் கழித்ததும் இங்கேதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அங்கிருக்கும் பீச் மரங்கள். ஒரு காலத்தில் குடியானவர்கள் வேலிக்காக இளங்கிளைகளை வெட்டி, சாய்த்து, ஒன்றோடொன்று பின்னி வைத்தார்கள். பிறகு பராமரிக்க ஆள் இல்லை. கிளைகள் படுத்த வாக்கிலேயே பருத்து, முட்டி மடக்கியது போல் வளைந்து மேலே போய்விட்டன. கூல் என்று அந்த மரங்களுக்குப் பெயர். தொட்டுப் பாருங்கள், பின்னிய இடம் கையில் தெரியும்.

நாலாம் நாள் ஓத்தன். பிப்ராக்த் மக்கள் பிறகு இறங்கிக் குடியேறிய ரோமானிய நகரம். நாடக அரங்கமும் நகர வாசல்களும் இன்னும் நிற்கின்றன.

வெஸலே பக்கமிருந்து ஓத்தன் வரைக்கும் மவுண்டன் பைக்குக்கென்றே அடையாளமிட்ட பெரும்பாதை ஒன்று உண்டு, 300 கிலோமீட்டருக்கு மேல். அதை முழுசாக நாலு நாளில் முடிக்க நினைக்காதீர்கள். துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

*எனக்கு 48 வயது. ஊருக்குள் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். காட்டுப் பாதை என்னால் முடியுமா? எலெக்ட்ரிக் சைக்கிள் எடுத்தால் கேலி செய்வார்களா?*
— வாசகி, லியோன்

கண்டிப்பாக முடியும், தங்கச்சி. நான் காட்டுப் பாதையில் முதன்முதலாக இறங்கியபோது எனக்கு 46. எலெக்ட்ரிக் தாராளமாக எடுங்கள், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். மொர்வான் கிழவர்களே இப்போது அதில்தான் போகிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் உதவாது, அவ்வளவுதான். பேட்டரியை ஏற்றத்துக்கு மட்டும் செலவழியுங்கள்.

பழக வேண்டியது இறக்கம். இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள், இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். கண் பத்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். கல்லைப் பார்த்தால் கல் மேலேயே போவீர்கள், இது சத்தியம். ஈர வேர் குறுக்கே வந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர் மேல் பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். சாய்வாகக் கடந்தால் டயர் வழுக்கிவிடும். ஏற்றத்தில் கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே குறையுங்கள். பாதி மேட்டில் மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். காற்றைச் சாலைக்கு அடிப்பதைவிடக் குறைவாக அடியுங்கள். டியூப்லெஸ் டயர் என்றாலும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும். இறங்கித் தள்ளுவதில் தவறே இல்லை. நான் இன்றைக்கும் தள்ளுகிறேன்.

*பாதை அடையாளங்கள் குழப்புகின்றன. எதைப் பின்தொடர்வது?*
— வாசகர், திஜோன்

ஒரு முக்கோணம், இரண்டு வட்டம். அதுதான் மவுண்டன் பைக் அடையாளம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறும். வெள்ளை, சிவப்புக் கோடுகள் நெடும்பாதை நடப்பவர்களுக்கானவை. அவற்றை நம்பி ஒருமுறை க்யூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டேன். பாறை மேல் பாறை. ஒரு மணி நேரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் வழி இல்லை என்று அர்த்தம். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் வராது.

*அக்டோபரில் போகலாமா?*
— வாசகி, பாரிஸ் 18

நிறம் அப்போதுதான் அழகு. ஆனால் பொதுவாகச் செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம். ஆரஞ்சு நிற மேல்சட்டை போடுங்கள். வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். சுற்றிப் போவதால் அரை மணி நேரம்தான் போகும். மாலையில் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், முட்டிக்குப் பின்னால் முக்கியமாக.

*என் பதினைந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சைக்கிள் என்றால் உயிர், சரித்திரம் என்றால் கொட்டாவி. என்ன காட்டுவது?*
— வாசகி, சார்செல்

ராஜா கதை, கோட்டைக் கதை எல்லாவற்றையும் விடுங்கள். மொர்வானுக்கும் பாரிஸுக்கும் என்ன கணக்கு என்பதைக் காட்டுங்கள்.

முதலில் விறகு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பாரிஸின் அடுப்புகளுக்கு இந்தக் காட்டு விறகு ஆற்றில் மிதந்து போனது. வெட்டிய கட்டையின் முனையில் சுத்தியலால் அடித்து வியாபாரியின் முத்திரை பதிப்பார்கள். குளங்களைத் திறந்துவிட்டு, ஓடையில் செயற்கையாக வெள்ளம் உண்டாக்கி, கட்டைகளை அதில் தள்ளிவிடுவார்கள். கிளாம்சியில் அவற்றைப் பிரித்து, தெப்பமாகக் கட்டி, யோன் ஆற்றிலும் சேன் ஆற்றிலும் ஓட்டிக்கொண்டு போவார்கள். செத்தோன் ஏரி அணையே இதற்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டியதுதான். பையனை ஏரியைச் சுற்றி ஓட்டவிட்டு, அணை மேல் நிற்க வைத்து இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் பால். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறும். 19-ஆம் நூற்றாண்டில் மொர்வான் பெண்கள் பெற்ற பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டு, பணக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்ட பாரிஸுக்குப் போனார்கள். பாரிஸின் அநாதைக் குழந்தைகளோ வளர்ப்புக்காக இங்கே அனுப்பப்பட்டார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகளுக்குப் பால் வீடுகள் என்றே பெயர். அலிஞி-ஆன்-மொர்வானில் இதற்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது, செத்தோன் ஏரியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். நான் பாரிஸில் பதினொரு வருடம் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். என் மகள் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் இருப்பாள். அந்த அருங்காட்சியகத்தில், குழந்தையைக் கையில் ஏந்தியபடி நிற்கும் பெண்களின் பழைய படங்களுக்கு முன்னால் நகர முடியாமல் நின்றேன். நம் வீட்டுப் பெண்கள் நிறைய பேர் இதே வேலைதான் செய்கிறார்கள். உங்கள் மகனுக்கு இது புரியும்.

மூன்றாவது, உரூ-ஆன்-மொர்வானுக்கு அருகே, காட்டுக்குள்ளேயே இருக்கும் மக்கீ பெர்னார் என்ற எதிர்ப்புக் குழுவின் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையை எதிர்த்து இந்தக் காட்டில் மறைந்திருந்த பிரெஞ்சுக்காரர்களும், விமானம் வீழ்ந்து இறந்த பிரித்தானிய வீரர்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். தன்-லே-ப்ளாஸ் கிராமத்தில் 1944 ஜூன் கடைசியில் ஜெர்மன் படையினர் 27 பேரைக் கொன்று, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அவனாகவே பெயர்களையும் வயதையும் படிப்பான்.

*சாப்பாடு, தண்ணீர் கிடைக்குமா?*
— வாசகர், நாந்த் நகரம்

முன்யோசனை இருந்தால் கிடைக்கும். ஞாயிறு மத்தியானமும் திங்கள் முழுக்கவும் பல கடைகள் மூடியிருக்கும். மற்ற நாளிலும் மத்தியானம் சில மணி நேரம் கதவு சாத்திவிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை மூன்று கிராமம் தாண்டியும் ரொட்டிக் கடை திறக்கவில்லை, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம் முதலில் போன்ழூர் சொன்னேன், பிறகு நிலைமையைச் சொன்னேன். அரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போன்ழூர் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள், அந்த ஊர்களில் அது முக்கியம்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்ற வாசல் பக்கம் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க ஆகாது என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

*சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?*
— வாசகி, ஒஸேர்

பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து போகும் தெஏர் என்ற வட்டார ரயில்களில் அப்படியே ஏற்றலாம். இடம் கொஞ்சம்தான், அதனால் வார இறுதியில் முதல் ரயிலைப் பிடியுங்கள். திரும்பும்போது ஓத்தனுக்குத் தெற்கே எத்தாங்-சுர்-அரூவில் ஏறி, திஜோன் வழியாக வந்துவிடலாம். ஏறுவதற்கு முன் டயர் சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிவிடுங்கள்.