டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா?

மேலிருந்து துணி போடும் டாப் லோடு, முன்பக்கக் கதவு வழியாகப் போடும் ஃப்ரண்ட் லோடு, இரண்டில் எந்த வாஷிங் மெஷினை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். விலைக்கு முன் துவைக்கும் விதத்தைப் பாருங்கள். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வருகின்றன.

டாப் லோடில் துணிகள் நீரில் மூழ்கியிருக்க, தொட்டியின் அடியிலுள்ள சுழலி அவற்றை அலசுகிறது. ஃப்ரண்ட் லோடில் டிரம் படுக்கைவாட்டில் சுழன்று துணிகளை மேலே தூக்கிக் கீழே விழச் செய்கிறது. துவைகல்லில் அடிப்பதைப் போன்ற வேலை இது. துணி முழுவதும் மூழ்கத் தேவையில்லை என்பதால் தண்ணீர் மிகவும் மிச்சமாகும். முறுக்கிக்கொள்வது குறைவதால் துணியும் எளிதில் நைவதில்லை. ஃப்ரண்ட் லோடு பிழியும் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 1,000 முதல் 1,400 சுற்றுகள். டாப் லோடில் 700ஐ ஒட்டியே இருக்கும். வேகமாகப் பிழிந்தால் துணியில் ஈரம் குறையும் என்பதால், வெயில் படாத வீட்டில் துணி உலர்த்துபவர்களுக்கு ஃப்ரண்ட் லோடு பெரிய நிம்மதி.

ஆனால் ஃப்ரண்ட் லோடு கவனிப்பு கேட்கும். கதவின் ரப்பர் வளையத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து நாறும். துவைத்ததும் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். நுரை குறைந்த சோப்புத்தூளே போட வேண்டும். துவைக்கும் நேரமும் அதிகம்.

குனிய முடியாதவர்கள், பாதியில் துணி சேர்க்க நினைப்பவர்கள், விரைவாக முடிய வேண்டும் என்பவர்கள் தயங்காமல் டாப் லோடு வாங்கலாம். மற்றவர்களுக்கு, பணம் இடங்கொடுத்தால், நான் ஃப்ரண்ட் லோடையே சொல்வேன். அதைப் பொருத்தும்போது, வண்டியில் கொண்டுவரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் பூட்டியுள்ள போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்று அவசியம் பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் பயங்கரமாக அதிர்ந்து பழுதாகிவிடும்.