நண்டு விற்ற காசு அசுத்தமா?

கேள்வி: என் கணவர் உப்புவெளியில் நண்டு, இறால், கணவாய் வாங்கி விற்கிறவர். நான் போகும் ஜெபக்கூட்டத்தில், சிறகும் (துடுப்பும்) செதிளும் இல்லாத கடலுயிர்கள் அசுத்தம், அந்தக் காசில் சாப்பிடுவதும் பாவம், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொள்ளாவிட்டால் இரட்சிப்பு நிலைக்காது என்கிறார்கள். வீட்டில் ஒரே சண்டை. பயமாகவும் இருக்கிறது. நான் என்ன செய்வது?
- ஒரு சகோதரி, திருகோணமலை

பதில்: அன்புத் தங்கச்சி, உங்கள் கணவர் கொண்டுவரும் காசில் ஓர் அசுத்தமும் இல்லை. கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் தெரிகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் காட்டும் வசனம் லேவியராகமம் 11இல் இருப்பது உண்மை. அது மோசே வழியாக இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டம். யூதரல்லாதவர்கள் கிறிஸ்துவிடம் வந்தபோது அவர்களும் அதைக் கைக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்து மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்டால்தான் இரட்சிப்பு என்று சிலர் போதித்தார்கள். அதை விசாரிக்கத்தான், கி.பி. 49 அளவில், எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடினார்கள். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டவர் பேதுரு. கேட்டவரும் ஒரு யூதர்தான், அதைக் கவனியுங்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் நண்டும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை.

போஜனத்தைக் குறித்தும் ஓய்வுநாட்களைக் குறித்தும் ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்ற கருத்தைப் பவுல் கொலோசெயர் 2:16இல் எழுதுகிறார். கலாத்தியருக்கு இன்னும் கடுமையாகவே சொல்கிறார்: "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே." நியாயப்பிரமாணம் என்பது மோசேயின் அந்தச் சட்டம்தான். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவதும் இதனால்தான். ஒரு ஏழைக் குடும்பத்தின் பிழைப்பைப் பாவம் என்று சொல்வது ஒரு பக்கம். சிலுவை போதாது என்று சொல்வது அதைவிடப் பெரிய விஷயம்.

அப்படியானால் எப்படியும் வாழலாமா? இல்லை. நாம் இரட்சிக்கப்படுவது கிருபையால், விசுவாசத்தைக்கொண்டு. நற்கிரியைகள் அதற்குப் பின்னால் வருகிறவை, எபேசியர் 2இல் அந்த வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் கணவர் நிறை குறைக்காமல் விற்கிறாரா, படகுக்காரருக்குரிய காசைத் தாமதிக்காமல் கொடுக்கிறாரா என்பதெல்லாம் கடவுள் பார்க்கிற காரியங்கள்.

சனிக்கிழமை ஓய்ந்திருந்து ஜெபிப்பது உங்களுக்கு ஆறுதலாக இருந்தால் விட வேண்டாம். நண்டு சாப்பிடப் பிடிக்காவிட்டால் சாப்பிடாதீர்கள். ரோமர் 14 இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை அவர்மேல் சுமத்தாதீர்கள். இவ்வளவு நாள் திட்டியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் சண்டை தானாகவே குறையும்.

கூட்டத்தை நடத்துகிறவரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "நண்டு விற்கிற என் கணவர் கிறிஸ்துவை விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாரா?" ஆம் என்றால் அங்கே தொடர்ந்து போங்கள். இல்லை என்றால், சரி, வேறு சபை தேடுங்கள், திருகோணமலையில் சபைகளுக்குக் குறைவில்லை.