தொட்டிச் செடியும் சில சந்தேகங்களும்

கே: ஹாலில் ஆறு தொட்டி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று சொல்லி நர்சரியில் விற்றார்கள். உண்மையா?

ப: ஆறு தொட்டியால் ஆகாது. இந்தப் பேச்சுக்கு மூலம் 1989-இல் வெளியான நாசா ஆய்வு. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு வாயுக்களை விட்டுப் பார்த்தார்கள். வாயுவின் அளவு குறைந்தது. விண்கலத்தை மனதில் வைத்துச் செய்தது அது. நம் வீடு என்ன, மூடிய பெட்டியா? கதவு, ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பழைய ஆய்வு முடிவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். அப்புறம் நீங்கள் எங்கே உட்காருவது? காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கே: அப்படியென்றால் செடி வளர்ப்பதே வீண்தானே?

ப: யார் சொன்னது? அமெரிக்காவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளைப் பற்றி ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் எழுதினார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது வெளியே நின்ற மரம், உள்ளே வைத்த தொட்டி அல்ல. ஆனாலும் பச்சையைப் பார்ப்பதில் ஏதோ இருக்கிறது. எனக்கோ அவ்வளவு காரணமும் வேண்டாம். காலையில் காபி டம்ளரோடு போய், சுருட்டி வைத்த பாய் மாதிரி இருக்கும் மணி பிளான்ட்டின் புது இலை இன்று எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்ப்பேன். அந்த இரண்டு நிமிடம் கைபேசி ஞாபகமே வராது.

கே: படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்கிறார் என் மாமியார்.

ப: முட்டாது. பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு முன்னால் ஒரு தொட்டிச் செடி விடுவது ஒன்றுமே இல்லை. ஸ்நேக் பிளான்ட் இன்னும் விசேஷம்: இரவில்தான் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும். ஆனால் அது ‘இரவில் ஆக்ஸிஜன் தரும்’ என்பது விற்பனைப் பேச்சு. ஆக்ஸிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் ‘மாமியார் நாக்கு’ என்றொரு பெயரும் உண்டு. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

கே: தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகிறதே?

ப: தினமும் ஊற்றுவதால்தான் இருக்கும். ஈரம் காயாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கே: பாட்டில் தண்ணீரில் வளர்க்கும் மணி பிளான்ட்டைக் கொட்டச் சொல்கிறார்கள், கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள்.

ப: அவர்கள் பக்கம்தான் நியாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை பாட்டிலின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவதோடு, உள்ளே தேய்த்துக் கழுவி, வேரையும் அலசி வையுங்கள். முடியாதென்றால் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை மறந்துவிடாதீர்கள். அதில் மணலை நிரப்பிவிட்டால் தொல்லை விட்டது.

கே: மணி பிளான்ட்டைத் திருடி நட்டால்தான் வளருமாமே?

ப: கணு, அதாவது தண்டில் இலை முளைக்கும் முடிச்சு, இருந்தால் வளரும். கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி நடுங்கள். கணு இல்லாத வெறும் இலை வேர்விட்டாலும் கொடியாகாது. பக்கத்து வீட்டில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாயெல்லாம் எரியும்.